காலி நாற்காலிக்கு ஒரு கும்பிடு!

வீட்டிலிருக்கும் பழைய சாமான்களை ஒழித்துக்கட்ட ஊருக்குக் கிளம்பியிருந்தேன். எழும்பூரில் ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம். பிளாட்பாரத்தில் கொசுவுக்கு ரத்ததானம் செய்வதைவிடத் தேவலை என்று மியூசியத்துக்குள் நுழைந்தேன். நான் பி.காம். சிற்பம் என்றால் டெபிட்டா, கிரெடிட்டா என்றுகூடத் தெரியாது!

ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரை அமராவதி ஸ்தூபியிலிருந்து வந்த கற்கள். ஏறக்குறைய 2,000 வருஷப் பழசு. ஒரு கல்லில் அழகான ஆசனம். சுற்றிலும் ஜனங்கள் குனிந்து கும்பிடுகிறார்கள். ஆசனத்தில்... யாருமே இல்லை!

'சிற்பி அட்வான்ஸோடு கம்பி நீட்டிட்டாரோ?' பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மாணவனிடம் கேட்டே விட்டேன்.

"காலியா இல்லே சார். புத்தர் உட்கார்ந்திருக்கார்!"

ஆரம்பகாலச் சிற்பிகள் புத்தரைப் பெரும்பாலும் மனித உருவில் செதுக்கவில்லையாம். போதி மரம் என்றால் ஞானம் பெற்றது. சக்கரம் என்றால் முதல் உபதேசம். ஸ்தூபி என்றால் நிர்வாணம். சாஞ்சியில் சித்தார்த்தன் அரண்மனையை விட்டுப் போகும் காட்சியில் குதிரை இருக்கிறது. மேலே குடை இருக்கிறது. முதுகில் ஆள் இல்லை! 'இதெல்லாம் புத்தருக்குப் பதில் அடையாளம் இல்லை, அந்தப் புனித இடங்களை ஜனங்கள் வழிபடும் காட்சிதான்' என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு.

பிறகு புத்தர் மனித உருவத்திலேயே வந்துவிட்டார். அதே மியூசியத்தில், மதம் பிடித்த நளகிரி யானை அவர் முன்னால் மண்டியிடுகிற வட்டக்கல்லைப் பார்த்து அசந்துவிட்டேன்.

இவை பிழைத்ததே பெரிய விஷயம். சுண்ணாம்புக்கல் ஆச்சே! 1797-ல் காலின் மெக்கன்ஸி போய்ப் பார்த்த காலத்தில் கட்டடம் கட்ட ஸ்தூபியைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக்காகச் சூளையில் வெந்தவையும் உண்டு. 1845-ல் வால்டர் எலியட் தோண்டியெடுத்த கற்கள் சென்னையில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறின. பழசுதானே என்கிற அலட்சியம்!

எனக்குச் சுருக்கென்றது. என் விற்பனை லிஸ்டில் முதல் அயிட்டம், போன வருஷம் தவறிப்போன அப்பாவின் ஈஸிசேர். தேய்மானம் போக மதிப்பு பூஜ்யம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மாவோ தினமும் அதைத் துடைத்து, அன்றைய பேப்பரை மடித்து வைக்கிறாள். "யாரும்மா படிக்கப்போறாங்க?" என்று நான் எரிந்து விழுந்ததும் உண்டு.

மறுநாள் பழைய சாமான்காரர் வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க... நாற்காலியில ஆள் இருக்கு!" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.