டிராகன் வேட்டை இனி வீட்டு ஹாலில்! கடை மேஜையிலிருந்து கிளம்பும் ‘டி அண்ட் டி’ ஆட்டக்காரர்கள்

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்தவர்களுக்கு அந்த முதல் எபிசோடு நினைவிருக்கும். நான்கு பொடியன்கள் வீட்டின் அடித்தள அறையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, பகடையை உருட்டிவிட்டு, கண்ணுக்கே தெரியாத ஒரு பூதத்தைப் பார்த்து அலறுவார்கள். அந்த ஆட்டம்தான் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. செல்லமாக ‘டி அண்ட் டி’.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-ல் வெளியான ஆட்டம் இது. ஒருவர் கேம் மாஸ்டராகக் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். “நான் கதவை உடைக்கிறேன்” என்று நீங்கள் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதை 20 பக்கப் பகடை சொல்லும். அவ்வளவுதான் அடிப்படை.

சரி, சேர்ந்து ஆட நண்பர்களே இல்லையென்றால்? அதற்காக வந்ததுதான் ‘ஆர்கனைஸ்டு ப்ளே’. கேம் கடையிலோ, கன்வென்ஷனிலோ போய் உட்கார்ந்தால் போதும், முன்பின் தெரியாதவர்களோடு ஆடலாம். 2008-ல் தொடங்கிய ‘பாத்ஃபைண்டர் சொசைட்டி’, 2014-ல் வந்த ‘டி அண்ட் டி அட்வென்ச்சரர்ஸ் லீக்’ இரண்டும் இதில் பிரபலம். எல்லா ஊரிலும் ஒரே விதி என்பதால், சிகாகோவில் வளர்த்த கேரக்டரை லண்டனில் இறக்கலாம். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு கதை சுமார் நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டும். கூச்ச சுபாவம் உள்ள புதியவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. இதில் குறை சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

ஆனால், அந்த நான்கு மணி நேரம்தான் சிக்கல். குகையில் பிடிபட்ட ஒரு கோப்ளினைக் கொல்லாமல், பேசிப் பேசி நண்பனாக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜையே சிரிக்கிறது. கேம் மாஸ்டரும் ரசிக்கிறார். மணி ஒன்பதானதும் கதை முடிந்தது. அடுத்த வாரம் வேறு கதை, வேறு ஆட்கள். அந்தக் கோப்ளின் என்ன ஆனான் என்று கேட்க ஆளில்லை. வீட்டு ஆட்டத்தில் அவன் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருவான். உதவிக்கு வரலாம், பழிவாங்கவும் வரலாம். இந்த ஆசைதான் பலரையும் வீட்டுப் பக்கம் இழுக்கிறது.

கையெழுத்துப் போட்ட தாள் செல்லாது!

கிளம்பும்போது வலிக்கிற இடம் ஒன்று உண்டு. பாத்ஃபைண்டர் சொசைட்டியில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ‘க்ரானிக்கிள் ஷீட்’ என்ற தாளில் கேம் மாஸ்டர் கையெழுத்துப் போட்டுத் தருவார். முதல் பதிப்பின் வழக்கமான கணக்குப்படி, ஓர் ஆட்டத்துக்கு 1 புள்ளி. 3 புள்ளி சேர்ந்தால் ஒரு லெவல் ஏறும். முதல் லெவலில் தொடங்கியவர் 12-ம் லெவலைத் தொட 33 ஆட்டம். ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தாலும், 132 மணி நேரம்! அந்த வீரனைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனால், “எல்லோரும் முதல் லெவலிலிருந்து ஆரம்பிக்கலாம்டா” என்பார்கள். கஷ்டம்தான். ஆனால், நண்பர் சொல்வதும் சரி. மற்ற மூவர் தடியோடு நிற்கும்போது ஒருவர் மட்டும் மந்திர வாளோடு நின்றால் ஆட்டம் படுத்துவிடும்.

அடுத்தது, விதிகள். கடையில் “இது ரூல்ஸில் இல்லை” என்று கேம் மாஸ்டர் புத்தகத்தைக் காட்டிவிடலாம், பழி புத்தகத்தின் மேல் போகும். வீட்டில் நண்பனின் முகத்தைப் பார்த்து அவரேதான் “முடியாது” சொல்ல வேண்டும். தெரு கிரிக்கெட்டில் ‘ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா, இல்லையா’ என்று ஆட்டத்துக்கு நடுவில் சண்டை வருமே, அதே கதைதான். அதனால்தான் முதல் ஆட்டத்துக்கு முன்பே ‘செஷன் ஜீரோ’ என்று ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுகிறார்கள். கேரக்டர் செத்தால் செத்ததுதானா? கெட்டவனாக ஆடலாமா? எந்த விஷயம் கதையில் வரவே கூடாது? சிலந்தி என்றாலே நடுங்கும் ஒருவர் மேஜையில் இருந்தால், ராட்சச சிலந்தியை அன்றைக்கே எடுத்துவிடலாம்.

வில்லன் காலண்டர்!

கடையில் ஒருவர் வராவிட்டால் வேறொருவர் உட்காருவார். வீட்டில் ஆளுக்கொரு காரணத்தோடு ஆட்டம் தள்ளிப்போகும். இரண்டு முறை தள்ளிப்போனால் மூன்றாவது தடவை யாரும் தேதியே கேட்க மாட்டார்கள். ஆட்டம் மட்டுமல்ல, சில நேரம் அந்த நட்பு வட்டமே சத்தமில்லாமல் கலைந்துவிடும். அதனால், கிழமையை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, ‘மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு’ என்று வைத்துக்கொள்வது நல்லது. சொன்ன நேரத்தில் ஆரம்பித்து, சொன்ன நேரத்தில் முடிக்கிற கடைப் பழக்கத்தை மட்டும் விடாமல் வீட்டுக்கும் கொண்டுவரலாம்.

புதிய கேம் மாஸ்டர்கள் செய்யும் தவறு, முதல் நாளே முழு உலகத்தையும் படைக்க உட்காருவது. வரைபடம், 12 கடவுள்கள், ஆயிரம் வருட வரலாறு... யாரும் கேட்கப்போவதில்லை பாஸ்! 2014-ல் வந்த ‘ஸ்டார்ட்டர் செட்’டில் உள்ள ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்’ மாதிரி ரெடிமேட் கதை ஒன்று போதும். ஒரு சின்ன ஊர், சுற்றிலும் நாலு ஆபத்து, ஐந்தாம் லெவல் வரை ஓடும்.

‘கிரிட்டிகல் ரோல்’ நிகழ்ச்சியோடு ஒப்பிட்டும் பயப்பட வேண்டாம். மேத்யூ மெர்சர் கதை சொல்ல, குரல் நடிகர்கள் ஆட, அந்த நிகழ்ச்சி 2015-ல் இணையத்துக்கு வந்தது. அதற்கு முன் அவர்கள் 2012-லிருந்தே வீட்டில் ஆடிக்கொண்டிருந்த கூட்டம். அப்போது கேமராவும் கிடையாது, ரசிகர்களும் கிடையாது.

அந்த 132 மணி நேர வீரனை என்ன செய்வது? புதுக் கதையின் முதல் ஊரில் ஒரு சத்திரம் வைத்துக்கொடுத்து, அவரை முதலாளியாக உட்கார வைக்கலாம். வாளைச் சுவரில் மாட்டிவிட்டு, உங்கள் முதல் லெவல் கேரக்டரிடம் ராத்திரித் தங்கலுக்குக் கறாராகக் காசு கேட்பார். தள்ளுபடி கேட்டுப் பாருங்கள். பகடை உங்கள் கையில்தான் இருக்கிறது!