எட்டில் ஒரு பங்கும் இரண்டு காபரேட்டர்களும்

கம்பளையிலுள்ள என் சாச்சியின் வீட்டு முன்மண்டபத்தில் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று இரண்டு வருடங்களாக அசையாமல் நின்றது. எம்.ஜி. மிட்ஜெட். இரண்டே பேர் அமரக்கூடிய சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1967 ஆம் ஆண்டு செய்யப்பட்டது. 2022 இல் பெற்றோல் வரிசைகளில் நின்று அலுத்துப்போன சாச்சா அதை மூடி வைத்தார். திரும்பவும் திறக்க அவருக்கு ஆயுள் இருக்கவில்லை.

சாச்சியின் இத்தா முடிந்ததும் சொத்துப் பிரிப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. வீடு, ஒரு துண்டுக் காணி, அத்தோடு இந்தக் கார். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதி மகனுக்கும் இரண்டு பெண்மக்களுக்கும். காரை விலை மதிக்க ஒரு தரகர் வந்தார். ஸ்டார்ட் செய்தபோது கறுப்புப் புகை மண்டியது. வீடெங்கும் பெற்றோல் நாற்றம். இரண்டு நிமிடம் தள்ளாடிவிட்டு எஞ்சின் நின்றது.

"எஞ்சின் முடிஞ்சு போச்சு. இரும்பு வெலதான் வரும்" என்றார் அவர்.

வாகன இறக்குமதி தடைப்பட்டு, பழைய வாகனங்களுக்கெல்லாம் விலை ஏறியிருந்த காலம் அது. அப்படியிருக்க இரும்பு விலையா? மகன் சம்மதிக்கத் தயாராகிவிட்டார். சாச்சிதான் விடவில்லை. "உண்மையான வெல தெரியாம பங்கு பிரிக்கிறது எப்படி மகன்? கொறச்சுப் போட்டா ஒங்கட தங்கச்சிமாருக்கும்தானே கொறயும்" என்றார். சரியான கேள்வி. பெண்களின் பங்கு குறைந்துபோவது பெரும்பாலும் பங்கு பிரிக்கும் இடத்தில் அல்ல, அதற்கு முன்னால் விலை மதிக்கும் இடத்தில்தான்.

சாச்சாவின் பழைய சிநேகிதரான ஒரு முதிய பாஸ் வரவழைக்கப்பட்டார். அவர் முதலில் எஞ்சினின் நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பத்திரிகைத் தாளில் வரிசையாக வைத்தார். முன்னிரண்டும் கரி பிடித்துக் கறுத்திருந்தன, பின்னிரண்டும் வெளுத்திருந்தன. நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். ஏறத்தாழ ஒரே அளவு.

"எஞ்சின் நல்லா இருக்கு தங்கச்சி. காபரேட்டர் ரெண்டும்தான் சண்ட புடிக்குது" என்றார்.

காபரேட்டர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பாத்திரம். நிறையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பில் திரியை அளவுக்கு மீறி உயர்த்தினால் சட்டி கரி பிடிக்கிறதல்லவா? அதே சங்கதிதான் கறுத்த பிளக்கிலும். வெளுத்த பிளக் என்றால் காற்று மிஞ்சிவிட்டது. இந்தக் காரில் எஸ்.யூ. எனப்படும் காபரேட்டர்கள் இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டர்களுக்கு ஊட்டுகிறது. நம் ஊர்களில் ஓடிய மொறிஸ் மைனருக்கும் இதே இனத்துக் காபரேட்டர்தான், ஆனால் ஒன்று மட்டும்.

எஸ்.யூ.வின் உள்ளே ஒரு பிஸ்டன். அதன் அடியில் நுனி நோக்கி மெலிந்து செல்லும் ஒரு பித்தளை ஊசி, ஜெட் என்னும் சிறு துவாரத்தினுள் இறங்கி நிற்கும். எஞ்சின் அதிகமாகக் காற்றை இழுக்கும்போது பிஸ்டன் உயர்கிறது. ஊசியும் உயர்கிறது, மெலிந்த பாகம் துவாரத்துக்கு வர, பெற்றோல் கூடுதலாகப் பாய்கிறது. இவ்வளவுதான்! இதனை 1904 இல் கண்டுபிடித்த ஹேர்பர்ட் ஸ்கின்னர் சப்பாத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அதனாலோ என்னவோ, முதலில் வந்த காபரேட்டர்களில் பிஸ்டன் இருக்கவில்லை. தோலால் செய்த துருத்திதான் இருந்தது.

முன் காபரேட்டரைத் திறந்தபோது, தேங்கிக் கிடந்த பழைய பெற்றோல் பிசினாக இறுகியிருந்தது. மிதவை மேலெழும்போது பெற்றோலை அடைக்க வேண்டிய வால்வு அதில் ஒட்டிக்கொண்டு அடைக்கவில்லை. கறுப்புப் புகைக்குக் காரணம் அதுதான். பின் காபரேட்டரில் வேறு கதை. காற்றைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு, ஐம்பது வருடத் தேய்மானத்தில் ஆடியது. அந்த இடுக்கால் கள்ளக் காற்று நுழைந்தது.

லண்டனிலிருக்கும் மருமகன் புதிய ஊசி, ஜெட், வால்வு, கெஸ்கட் எல்லாம் அனுப்பி வைத்தார். எஸ்.யூ. பாகங்கள் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இன்றும் தயாராகின்றன. அச்சுக்கான பித்தளைப் புஷ்களை லேத் பட்டறையில் கடைந்து எடுத்தார்கள்.

கழுவும் வேலையைச் சாச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். மண்ணெண்ணெயும் பழைய பருத்தித் துணியும் மட்டும். உப்புத்தாள் கூடவே கூடாது. ஒரு பிஸ்டனை மற்றதன் கூட்டில் மாற்றிப் போடவும் கூடாது, அவை சோடி சோடியாகப் பொருத்தப்பட்டவை. சாச்சி ஒன்றுக்குச் சிவப்பு நூலும் மற்றதற்கு வெள்ளை நூலும் கட்டினார். நாற்பது வருடம் தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டிய கை அது.

இயந்திர வேலை பெண்களுக்கு ஒத்து வராது என்பவர்கள் பியற்றிஸ் ஷில்லிங் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றிக் கேட்க வேண்டும். 1940 இல் பிரித்தானியப் போர் விமானங்கள் திடீரெனத் தலைகுப்புறச் சாயும்போது எஞ்சின் தடுமாறிற்று. அவற்றின் காபரேட்டரும் எஸ்.யூ.தான், சாயும்போது பெற்றோல் மேற்பக்கம் எழும்பி, முதலில் பஞ்சமும் பின்னர் வெள்ளமும் உண்டாயின. ஷில்லிங் செய்தது ஒரு சிறு பித்தளைத் தடுப்பு. துளையிட்ட விரலுறை அளவுதான். எஞ்சினுக்கு வேண்டிய உச்ச அளவுக்கு மேல் பெற்றோல் பாயாமல் அது தடுத்தது. 1941 மார்ச்சுக்குள் அது விமானங்களில் பொருத்தப்பட்டது. விமானத் தளங்களுக்கு அவரே நேரில் சென்றார். பிற்காலத்தில் அவர் பந்தயத்தில் ஓட்டிய ஒஸ்டின் ஹீலி ஸ்பிறைட், சாச்சாவின் மிட்ஜெட்டுக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி. இதைச் சொன்னபோது சாச்சி துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

சகோதரிகளே, ஒரு விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். இந்த எஞ்சினில் காபரேட்டர்கள் இருப்பது சூடான புகைக் குழாய்க்கு நேர் மேலே. கசிந்த பெற்றோல் அதில் சொட்டினால் தீதான். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து அடுப்படி வரை வரக்கூடியது. வாகனத்திலிருந்து பெற்றோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். அந்தத் தரகர் ஸ்டார்ட் செய்தபோது தீப்பிடிக்காதது அல்லாஹ்வின் கிருபை. 2022 இல் கேன்களில் நிரப்பி வைத்த பெற்றோல் இன்னும் எந்த வீட்டிலாவது இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

பூட்டிய பின்னர் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டார் பாஸ். 'டிக்' என்ற ஓசையுடன் விழுந்தால் ஊசி நடுவில் இருக்கிறது. மெதுவாக இழுபட்டு இறங்கினால் எங்கோ உரசுகிறது. முன்னது உடனே விழுந்தது. பின்னதற்கு அஸர் வரை சென்றது. பிஸ்டனின் தண்டுக்குள் சிறிது எண்ணெய் விட வேண்டும். "தையல் மெஷின் எண்ணெய் போதாதா நானா?" என்று சாச்சி கேட்டார். "அது மெலிசு தங்கச்சி, 20 கிரேட் வேணும்."

கலவையைச் சரி பார்க்கும் விதம் அழகானது. எஞ்சின் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். குறைந்து நிற்கப் பார்த்தால் பெற்றோல் போதாது. சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கீழேயுள்ள ஆறுமுகத் திருகை ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பி அந்த இடத்தைப் பிடித்தார்.

கடைசியாக இரண்டையும் சமப்படுத்துவது. ஒரு றப்பர் குழாயின் ஒரு நுனியைக் காபரேட்டரின் வாயிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துச் சீறும் ஓசையை ஒப்பிட வேண்டும். பாஸுக்குச் செவிப்புலன் குறைந்துவிட்டது. ஆகவே குழாய் சாச்சியின் கைக்கு வந்தது. "முன்னால கூட... இன்னும் கொஞ்சம் கொறைங்க... இப்ப ரெண்டும் ஒண்டு." எஞ்சின் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு இரண்டு பேர் வந்து விலை மதித்தார்கள். தரகர் சொன்னதைப் போல் பல மடங்கு. அந்தத் தொகையை எழுதி வைத்துத்தான் பங்கு பிரித்தார்கள். காரை மகன் தன் பங்கில் எடுத்துக்கொண்டு, மீதியைத் தாய்க்கும் தங்கைமாருக்கும் கொடுத்தார். கார் இன்னும் அதே மண்டபத்தில்தான் நிற்கிறது. மாதம் ஒரு முறை மூடிகளைக் கழற்றி எண்ணெய் மட்டம் பார்ப்பது சாச்சியின் வேலை.