உங்களுக்குத் தெரியுமா? சிறைக்குப் பின்னும் ஒரு வழி

■ கேரளம் நவம்பர் 15-ஐ ‘புரொபேஷன் நாள்’ எனக் கடைப்பிடிக்கிறது. அது நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் பிறந்தநாள். பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர் அவர். 1957-இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் அமைச்சராக இருந்த அவர் கையில்தான் சிறைத்துறையும் இருந்தது.

■ 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை உறுதி பெற்று விடுவிக்கலாம்; இதுவே ‘புரொபேஷன்’ எனும் நன்னடத்தை விடுவிப்பு. அப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றவர் என்பதால் வரும் சட்டத் தகுதியிழப்பும் கிடையாது.

■ பாலக்காடு, இடுக்கி உட்பட கேரளத்தின் எல்லா மாவட்டங்களிலும் நன்னடத்தை அலுவலகம் உண்டு. சமூகநீதித் துறையின் ‘நேர்வழி’ திட்டம், விடுதலையாகி வருவோரின் மறுவாழ்வுக்குக் கைகொடுக்கிறது. சுயதொழில் தொடங்கவும் துறை நிதியுதவி தருகிறது.