மன்னார்க் கரையில் டில்லியும் பீஜிங்கும்

2021 டிசம்பரில் இலங்கைக்கான சீனத் தூதுவர் சி சென்ஹொங் தலைமன்னாருக்கு வந்தார். கடற்படைப் படகில் ஏறி இராமர் அணையின் மணல் தீடைகள் வரை போனார். அங்கிருந்து இந்தியா கிட்டத்தான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். டில்லி அந்தப் பயணத்தை உன்னிப்பாகக் கவனித்தது.

கவனிக்கக் காரணமும் இருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்று, சூரிய மின்சாரம் அமைக்கும் வேலை அந்த ஆண்டு ஜனவரியில் சீன நிறுவனமொன்றின் கைக்குப் போயிருந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் நடக்கவிருந்த திட்டம் அது. இந்தியா ஆட்சேபித்தது. 'மூன்றாம் தரப்பின்' பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டதாக டிசம்பரில் சீனத் தூதரகமே அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே தீவுகளுக்கு இந்தியா மானியத்தோடு வந்தது.

மன்னாரில் இந்தியாவின் கால் அதற்கு முன்பே ஊன்றியிருந்தது. போரில் அழிந்த ரயில் பாதையை இந்திய அரசு நிறுவனமான இர்கொன் மீள அமைத்தது. 2015 மார்ச் 14 அன்று தலைமன்னாரில் மோடியே ரயிலுக்குக் கொடியசைத்தார். அடுத்து இந்தியாவின் அதானி நிறுவனம் வந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம். மின்சாரத்தின் விலை பெரும் சர்ச்சையானது; வலசைப் பறவைகளின் வழி கெடும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது.

விலகியதால் ஊர் அடங்கவில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் இலங்கை மின்சார சபை நிறுவிய 30 காற்றாலைகள் நிற்கின்றன. அவை வந்த பிறகு மழைவெள்ளம் வடிவதில்லை, கரையோர மீன் குறைந்துவிட்டது என்பது மக்களின் முறைப்பாடு. இன்னும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் வீதிக்கு இறங்கினார்கள். சீனத் திட்டத்தைத் தடுக்கவும் இந்தியத் திட்டத்தைக் கொண்டுவரவும் அரசுகள் காட்டிய வேகத்தில் ஒரு பங்குகூட இவர்களைக் கேட்பதில் காட்டப்படவில்லை.

கடலிலும் இதே கதை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வருகிற இரவுகளில் வடபகுதிச் சிறு மீனவர்கள் பலர் தொழிலுக்குப் போவதில்லை. போனால் விரித்த வலை அறுந்துபோகும். கடனுக்கு வாங்கிய வலை. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. மீனவர் பிரச்சினைக்கு 2016 முதல் இரு நாட்டுக் கூட்டுச் செயற்குழுவும் இருக்கிறது. படகுகள் நிற்கவில்லை. பாக்கு நீரிணையில் சீனாவின் நிழல் விழக்கூடாது என்று கவலைப்படும் டில்லி, தன் கரையிலிருந்து புறப்படும் இந்தப் படகுகளை முதலில் நிறுத்த வேண்டும்.