தரகரின் நாவும் மௌனமும்: செங்கல்பட்டுப் பகுதி மனைத் தரகுத் தொழில் குறித்துச் சில சிந்தனைகள்

மதீனாவின் சந்தையில் விற்போருக்கும் வாங்குவோருக்கும் இடையே நின்று பேரத்தை முடித்துத் தந்தவர்களை மக்கள் 'சமாசிரா' என்று அழைத்து வந்தனர். 'சிம்சார்' என்ற சொல்லின் பன்மை அது. தரகர்கள் என்பது பொருள். ஒருநாள் அவர்களைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், அதனினும் அழகிய பெயராக, வணிகர்கள் என்றே அவர்களை விளித்தார்கள். வணிகத்தில் வீண்பேச்சும் சத்தியமிடுதலும் வந்து சேர்ந்துவிடும் என்பதால் அதனோடு தர்மத்தைக் கலந்துகொள்ளுமாறு அறிவுறுத்தவும் செய்தார்கள். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ, நஸயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, தரகு இழிதொழில் அன்று. மற்றொன்று, அத்தொழிலின் நோய் நாவில் இருக்கிறது. பேசக்கூடாததைப் பேசுவது அந்நோயின் ஒரு முகம். பேச வேண்டியதைப் பேசாதிருப்பது அதன் மறுமுகம். இவ்விரண்டாவது முகத்தைப் பற்றியே இக்கட்டுரையில் நோக்குகிறோம். வளைகுடா நாடுகளில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளை ஒரு மனையில் இடுவோர் நம்மில் பலர். அப்பொருள் நிலைப்பதும் அழிவதும் பெரும்பாலும் ஒரு தரகர் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் பொறுத்தே அமைகிறது.

செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மேற்கே ஜி.எஸ்.டி. சாலையையொட்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் என நகரம் தெற்கு நோக்கி வளர்கிறது. கிழக்கே கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலும் அதற்குத் தெற்கேயும் கடற்கரைச் சாலை நெடுகிலும் வார இறுதி வீடுகளும் மனைப்பிரிவுகளும் பெருகியுள்ளன. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பின்னர், அதன் பெயரைச் சொல்லாத மனை விளம்பரத்தைச் சுற்றுப்புறத்தில் காண்பது அரிது. இவ்விரு சாலைகளுக்கும் இடைப்பட்ட நிலமே இங்குள்ள மனைத் தரகரின் களம்.

அவருடைய நாள் தேநீர்க் கடையில் தொடங்குகிறது. எந்த வீடு விற்பனைக்கு வருகிறது, எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடக்கிறது, யாருக்கு மகளின் திருமணத்துக்காக அவசரமாகப் பணம் வேண்டும் என்ற செய்திகள் அங்கேதான் முதலில் வந்து சேர்கின்றன. ஒரே மனையை ஐந்தாறு தரகர்கள் கையில் வைத்திருப்பர். உரிமையாளரிடம் நேரில் பேசியவர் ஒருவர். அவரிடமிருந்து கேட்டவர் மற்றொருவர். வாங்குபவரை அழைத்து வருபவர் மூன்றாமவர். விற்பனை முடிந்தால் தரகுத்தொகை இவர்களிடையே பங்கிடப்படும். வழக்கமாக ஒவ்வொரு தரப்பிலும் ஒரு விழுக்காடு முதல் இரண்டு விழுக்காடு வரை பேசப்படுகிறது. வீட்டு வாடகையாயின் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி, சென்ட் என்றால் 435.6 சதுர அடி. இவ்வட்டாரத்தின் பழைய கணக்கில் 24 மனை கொண்டது ஒரு காணி. ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றிச் சொல்வது தரகருக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமையே அவருக்கு அதிக வேலையுள்ள நாள். வாங்க வருபவரின் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு நான்கு இடங்களைக் காட்டுவார். எரிபொருளும் தேநீரும் அவர் செலவு. பத்துக் குடும்பங்களுக்குக் காட்டினால் ஒன்று முன்பணம் வரை வரலாம். அதுவும் பத்திரப்பதிவு வரை போகும் என்பதற்கு உறுதியில்லை. பதிவு முடியும் வரை அவர் கைக்கு ஒன்றும் வாராது. மூன்று மாதங்கள் விற்பனையின்றிக் கழிந்தபின் ஒரு பேரம் முடியும் தறுவாயில் இருக்கும்போது, அதைக் கலைத்துவிடக் கூடிய ஓர் உண்மையை வாய் திறந்து சொல்வது எத்தகைய சோதனை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தரகரின் மற்றொரு வேலை ஆவணங்களைத் திரட்டுவது. நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைத் தாய்ப்பத்திரம் காட்டும். அதன்மீது பதிவான அடமானம் முதலியவற்றை வில்லங்கச் சான்று காட்டும். வருவாய்த் துறையின் கணக்கில் அது யார் பெயரில் உள்ளது என்பதைப் பட்டாவும், அதன் எல்லைகளைப் புல வரைபடமும் காட்டும். இவை நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எனினும் வில்லங்கச் சான்று பதிவு செய்யப்பட்டவற்றை மட்டுமே சொல்லும். பதிவாகாத கடனையோ வாரிசுகளின் பிணக்கையோ அது அறியாது. அவற்றை அறிந்தவர் அவ்வூர்த் தரகர். ஆகவே, அவர் விற்பது நிலத்தையன்று. நிலத்தைப் பற்றித் தாம் அறிந்ததையே விற்கிறார் எனலாம்.

இம்மாவட்டத்தில் அவ்வறிவு மிகவும் தேவைப்படுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி 1763 இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்த பகுதி இது. இங்கு நிலவிய மிராசு உரிமையைப் புரிந்துகொள்ளக் கம்பெனியின் அதிகாரிகள் பெரிதும் தடுமாறினர். எல்லிஸ் 1818 இல் அதுபற்றித் தனி ஆய்வுரையே எழுத நேர்ந்தது. பின்னர் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமின்மை குறித்து 1891 இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892 இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப்படுவது இதுவே. முதல் பத்தாண்டுகள் இதை எவருக்கும் கைமாற்றக் கூடாது. அதன்பின்னும் அதே மக்கட்பிரிவினருக்கே மாற்றலாம் என்பது நிபந்தனை. ஆயினும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. 1994 அக்டோபரில், இம்மாவட்டத்தைச் சேர்ந்த காரணையின் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். மனைப்பிரிவின் வண்ணப்படத்தில் இவ்வரலாறு இராது. ஊரில் பிறந்து வளர்ந்த தரகருக்கு எந்தப் புல எண் பஞ்சமி என்பது தெரியாமலும் இராது.

கடற்கரைப் பக்கம் வேறு வகையான செய்திகள் மறைகின்றன. மாமல்லபுரத்தின் சிற்பத் தொகுதி 1984 இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். இவ்வாறே 1991 முதல் வெளியான கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்துள்ளன. இத்தகைய நிலத்தை விற்பதற்குத் தடையில்லை. அங்கு வீடு கட்டுவதற்கே தடை. பத்திரம் செம்மையாக இருக்கும். வில்லங்கச் சான்றிலும் ஒன்றும் இராது. 'கடல் தெரியும் மனை' என்ற சொல்லும் பொய்யன்று. அங்கு வீடு எழாது என்ற ஒன்றே சொல்லப்படாமல் போகும்.

மேற்குப் பகுதியில் மறைவது நீர். ஏரிகள் நிறைந்த இம்மாவட்டத்தில் கோடைக்காலத்தில் எந்த நிலமும் மேட்டு நிலம் போலவே தோன்றும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பகுதியின் வீடுகளில் தரைத்தளம் மூழ்கியபோதுதான், தாம் வாங்கியது எத்தகைய நிலம் என்பதைப் பலர் அறிந்தனர்.

இவ்விடத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. சந்தையில் குவிக்கப்பட்டிருந்த தானியத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று விற்பவர் கூறினார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அந்த வணிகர் பொய்யேதும் சொல்லவில்லை. ஈரத்தைக் கீழே வைத்தார், அவ்வளவே. ஏரியையொட்டிய மனையைச் சித்திரை வெயிலில் மட்டும் அழைத்துச் சென்று காட்டுபவர் செய்வதும் அதுவே. குறையை அறிந்தவர் அதை எடுத்துரைப்பது கடமை என்றும், அது மறைக்கப்பட்டிருந்தால் வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்றும் சட்டவியலார் வகுத்ததன் அடிப்படை இதுதான்.

தரகரின் கூலி குறித்தும் அவர்கள் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். இப்னு சீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் தரகுக் கூலியில் குற்றம் காணவில்லை என்பதை இமாம் புகாரி தம் தொகுப்பில் பதிவு செய்துள்ளார். 'இவ்வளவு விலைக்கு விற்றுக்கொடு. அதற்கு மேல் கிடைப்பது உனக்கு' என்று உரிமையாளரே சொல்வதில் தவறில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. ஹன்பலீ அறிஞர்கள் இதை ஏற்றனர். கூலி இன்னதென்று தெளிவாக இல்லை எனக் கருதி ஏனையோரில் பெரும்பான்மையினர் மறுத்தனர். ஆனால் உரிமையாளர் அறியாமல் விற்பவரிடம் ஒரு விலையும் வாங்குபவரிடம் மற்றொரு விலையும் சொல்லி, இடைப்பட்டதை எடுத்துக்கொள்வது முற்றிலும் வேறு. இவ்வட்டாரத்தில் 'மேலே வைத்து விற்பது' என்று வழங்கும் இம்முறைக்கு அக்கருத்து வேறுபாட்டில் இடமில்லை. வாங்கும் எண்ணமின்றிப் போலிப் போட்டியாளரை நிறுத்தி விலையை ஏற்றுவதும் 'நஜ்ஷ்' என்ற பெயரால் தடுக்கப்பட்டதே.

இன்றைய சட்டமும் இவ்விடத்திலேயே கைவைத்துள்ளது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன்பின் 2017 இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற வேண்டிய மனைத் திட்டங்களை விற்றுத் தரும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. கணக்கேடுகளைப் பேணவும் பணிக்கிறது. மீறுபவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் மதிப்பில் 5 விழுக்காடு வரை தண்டம் உண்டு. ஆனால் தனியொருவர் தம் பழைய வீட்டையோ மனையையோ மற்றொருவருக்கு விற்பதை அச்சட்டம் தொடுவதில்லை. தேநீர்க் கடையில் தொடங்கும் பேரங்களில் பெரும்பாலானவை இத்தகையனவே. அங்கே இடையாளரின் நாணயத்தைத் தவிர வேறு காவல் இல்லை.

திருக்கழுக்குன்றம் சாலையில் நெடுங்காலமாக இத்தொழில் செய்துவரும் ஒருவருடன் இதுபற்றி உரையாடினோம். ஐம்பதைக் கடந்தவர். முன்பு அயல்நாட்டில் பணிபுரியும் ஒருவருக்காக அவருடைய பெற்றோரை ஒரு மனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். விலை பேசி முடிந்து, மறுநாள் முன்பணம் தருவதாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த நீர்க்கறையைப் பெரியவருக்குச் சுட்டிக்காட்டிவிட்டார். பேரம் கலைந்தது. நில உரிமையாளர் அதன்பின் அவருக்கு எந்த மனையையும் தரவில்லை. "அந்த மனை விற்காமல் போகவில்லை பாய். வேறொருவர் அதை முடித்துக் கொடுத்தார். வாங்கியவரும் நல்ல மனிதர்தான்" என்றார். அவர் பெருமைக்காகச் சொன்னதாகத் தோன்றவில்லை. நட்டக் கணக்கைச் சொல்வது போலவே சொன்னார்.

உண்மை பேசியவருக்கு உடனே ஊதியம் கிடைத்தது என்று இதை முடிக்க இயலாது. அவருக்கு அது கிடைக்கவில்லை. நாம் சிந்திக்க வேண்டியது நம் பங்கைப் பற்றி. மனை பார்க்கப் பலமுறை அழைத்துச் சென்றவரை விட்டுவிட்டு உரிமையாளரிடம் நேராகப் போய்ப் பேசி முடிப்பவர்கள் யார்? பதிவு முடிந்தபின் பேசிய தொகையில் பாதியைக் கொடுத்துவிட்டு நகர்பவர்கள் யார்? விற்பனை முடிந்தால் மட்டுமே கூலி, அதிலும் குறைப்பு என்று நாம் வகுத்துவிட்டு, விற்பனையைக் கலைக்கும் உண்மையை அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

எனவே வாங்கும் முன்னரே கூலியைத் தெளிவாகப் பேசி எழுதிக்கொள்வதும், அழைத்துச் சென்று காட்டுவதற்கும் ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் தனியே ஊதியம் தருவதும், பேரம் முடியாவிட்டாலும் அதைக் கொடுப்பதும் நம்மால் இயலக்கூடியவை. 'இம்மனையில் நீங்கள் உங்கள் பிள்ளைக்கு வீடு கட்டுவீர்களா?' என்று தரகரிடம் நேராகக் கேட்பதும் நல்லது. அறிந்ததைச் சொல்லித் தம் பேரத்தை இழக்கும் தரகர் தம் வணிகத்தில் தர்மத்தைக் கலக்கிறார். அந்த இழப்பில் ஒரு பகுதியையேனும் வாங்குபவரும் ஏற்பதே நேர்மை.