மூச்சில் தெரியும் குடலின் வேகம்

சிங்கப்பூரின் தேக்கா சந்தைப் பக்கமிருந்து வரும் அம்மாக்களுக்குப் பரிசோதனைக்கு முதல் நாள் சாப்பாட்டை விளக்குவதுதான் என் வேலையிலேயே சிரமமான பகுதி. மருத்துவமனையில் மூச்சுப் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன் நான். வெங்காயம், பூண்டு, பருப்பு, பால், கோதுமை எதுவும் ஆகாது என்பேன்.

"தோசை?"

உளுந்து இருக்கிறதே.

"சிக்கன் ரைஸ்?"

அந்தச் சோற்றிலேயே பூண்டு உண்டு.

"அப்ப என்னதான் தம்பி சாப்பிடுறது?"

வெள்ளைச் சோறு, அவித்த மீன், முட்டை. பிறகு ராத்திரி முழுக்கப் பட்டினி. காலையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ கோசோங்கூடக் கிடையாது, தண்ணீர் மட்டும். சிராங்கூன் சாலைவாசிகளுக்கு இது தண்டனைதான். ஆனால் புளிக்கக்கூடிய மிச்சம் குடலில் கிடந்தால் மறுநாள் அளவு கெட்டுவிடும்.

வந்ததும் லாக்டுலோஸ் 10 கிராம் தண்ணீரில் கலந்து கொடுப்போம். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிறார்களே, அதே பாகு. இந்தச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி மனிதருக்கு இல்லை. அதனால் சுமார் 6 மீட்டர் சிறுகுடலை அப்படியே கடந்து பெருங்குடலில் போய் விழும். அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. நம் உடலின் செல்கள் அந்த வாயுவைத் தயாரிப்பதில்லை. அது ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே வெளியேறும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஊதச் சொல்வோம். எப்போது அளவு ஏறி இறங்காமல் நிற்கிறதோ, அப்போது சர்க்கரை பெருங்குடலைத் தொட்டுவிட்டது. 1975இல் அமெரிக்காவின் பாண்ட், லெவிட் இருவரும் எழுதிய வழி இது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜெயந்தி, சாக்கோ, மாத்தன் குழுவினர் ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் குடல் வேகத்தையும் ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் உள்ளவர்களுடையதையும் அளந்து 1989இல் வெளியிட்டார்கள். சோறு சாப்பிடுகிறவர்களுக்கு எது இயல்பு என்பதை வெள்ளைக்காரர் கணக்கை வைத்துச் சொல்ல முடியாதல்லவா?

குடித்ததிலிருந்து அளவு ஏறும்வரை ஆகும் அந்த நேரத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இரைப்பையில் தங்கிய நேரமும் அதில் சேர்ந்திருக்கும். லாக்டுலோஸ் குடலுக்குள் நீரை இழுத்துத் தானே வேகத்தைக் கூட்டும். நீங்கள் சாப்பிட்ட இட்லி அதே வேகத்தில் போகாது. சிலருக்கு ஹைட்ரஜன் ஏறவே ஏறாது. அவர்கள் குடலில் உள்ள சில நுண்ணுயிரிகள் அதை மீத்தேனாக மாற்றிவிடும். அதனால் மீத்தேனையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் ஏறினால் 'சிறுகுடலில் பாக்டீரியா பெருகிவிட்டது' என்று முடிவு கட்டுவது. கனடாவின் கிங்ஸ்டனில் குடல் எரிச்சல் நோயாளிகளுக்கு லாக்டுலோஸுடன் கதிரியக்கத் துளியையும் கொடுத்து கேமராவில் பார்த்தார்கள். ஹைட்ரஜன் ஏறுவதற்குள் அந்தத் துளி பெரும்பாலானவர்களின் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 2011இல் வந்த அந்த ஆய்வுக்குப் பிறகு, சீக்கிரம் ஏறிய கோட்டைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக் எழுதுவது அவசரம் என்பது என் எண்ணம். உங்கள் அறிக்கையில் அப்படி இருந்தால், "இது பாக்டீரியாவா, இல்லை என் குடலே வேகமா, டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.