மரத்தின் வளையமும் மழையின் போக்கும்

தோவாளைத் தாலுகாக் குடியானவர்களிடம் மழையைப் பற்றிப் பேசப் புகுந்தால், 'முன்போல் இப்போது மழை ஏது?' என்னும் கேள்வியே முதலில் பிறக்கும். முப்பது வருஷங்களுக்கு முன்னிருந்த பெரியவர்களும் இவ்வாறே கூறினர். இதனை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடலாகாது. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் கூடாது. மனிதனுடைய ஞாபகம் நாற்பது ஐம்பது வருஷங்களுக்கு மேல் நில்லாது. இந்திய வானிலை இலாகா ஏற்பட்டதே 1875-ம் வருஷத்தில்தான். அதற்கு முந்திய நூற்றாண்டுகளின் மழையை யார் எழுதி வைத்தார்கள் என்றால், மரங்கள் எழுதி வைத்திருக்கின்றன.

தேக்கு கோடையில் இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மழை கண்டதும் மறுபடி தளிர்க்கும். இதனால் வருஷத்துக்கொரு வளையம் அடிமரத்துள் படிகின்றது. நல்ல மழை பெய்த வருஷத்தில் வளையம் அகன்றும், வறண்ட வருஷத்தில் ஒடுங்கியும் இருக்கும். மரத்தை வெட்டவேண்டுவதில்லை, உட்குழலுள்ள திருகூசியால் பென்சில் பருமனுள்ள ஒரு துண்டை எடுத்தாலே போதும். பல மரங்களின் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து, ஒடுங்கிய வளையங்கள் ஒரே வரிசையில் பொருந்துகின்றனவா என்று பார்த்து வருஷத்தை நிச்சயிக்கிறார்கள். பூனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார், கேரளக் காடுகளின் தேக்கிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 வருஷங்களுக்கு இத்தகைய கணக்கொன்றைத் தயாரித்து 2010-ல் வெளியிட்டனர்.

அதே வருஷத்தில் எட்வர்டு குக் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும், ஆசியாவின் பருவமழைப் பிரதேசம் முழுவதிலுமுள்ள முந்நூற்றுக்கு மேற்பட்ட மரவளையத் தொடர்களைச் சேர்த்து, சுமார் எழுநூறு வருஷத்து வறட்சிக்கும் ஈரத்துக்கும் ஒரு படத்தொகுதி உண்டாக்கினர். அதில் நான்கு பெரும் வறட்சிகள் தெளிவாய்த் தெரிகின்றன: சீனாவில் மிங் வமிசத்தை உலுக்கிய 1638-41, இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நீண்ட 1756-68, கிழக்கிந்திய வறட்சி எனப்படும் 1790-96, கடைசியாக, நம் தமிழ் மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கூறும் 1876-78. இக்கடைசிப் பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பு. இவற்றுள் என் கவனத்தை மிகவும் ஈர்ப்பது இரண்டாவது. ஒரு வருஷ வறட்சியைக் குதிரில் உள்ள நெல் தாங்கும். பன்னிரண்டு வருஷ வறட்சியை எந்தக் குதிர் தாங்கும்? வறட்சி தனியே வந்து தனியே போவதென்று நாம் நினைப்பது தவறு. அது கூட்டமாகவும் வருவதுண்டு.

ஆனால் நாஞ்சில் நாட்டார் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மேற்படி படத்தொகுதி ஜூன் முதல் ஆகஸ்டு வரையுள்ள நிலைமையையே காட்டுவது. நமக்கோ மழை இரண்டு. கன்னிப்பூ தென்மேற்குப் பருவத்தையும் கோதையாற்று நீரையும் நம்பியது. கும்பப்பூவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே உயிர். ஆகவே ஆசியாவின் கணக்கு நமக்குப் பாதிக் கணக்குத்தான்.

மறுபாதிக்குப் பசிபிக் சமுத்திரத்தைப் பார்க்கவேண்டும். அதன் மத்திய, கீழைப் பாகங்கள் வழக்கத்துக்கு மேல் வெப்பமடைவதை எல் நினோ என்பர். அப்போது தென்மேற்கு மழை பெரும்பாலும் குறையும். வடகிழக்கு மழையோ தமிழ்நாட்டில் பெரும்பாலும் மிகும். 2015-ல் இந்தியா முழுவதற்கும் தென்மேற்குப் பருவம் நூற்றுக்கு 14 பாகம் குறைந்தது. அவ்வருஷக் கடைசியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2023-ம் அவ்வாறே: தென்மேற்கு 6 பாகம் குறைந்தது; டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது; நமது ஜில்லாவும் வெள்ளத்திற்குத் தப்பவில்லை. பசிபிக் குளிர்ந்திருந்த 2016-ல் தமிழ்நாட்டின் வடகிழக்கு மழை 62 பாகம் குறைந்துபோயிற்று. இது போக்கேயன்றிச் சட்டமன்று. 1876-ல் சென்னை மாகாணத்தில் இரு மழைகளும் பொய்த்தன. பசிபிக் குளிர்ந்திருந்த 2021 நவம்பரிலும் நமது ஜில்லாவில் வெள்ளம் வந்தது.

இனி அண்மைக்காலத்துப் போக்கு. மத்திய சர்க்காரின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை இந்தியாவின் தென்மேற்கு மழை நூற்றுக்கு ஏறக்குறைய 6 பாகம் குறைந்துள்ளது. கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இக்குறைவு மிகுதி. பேச்சிப்பாறைக்கு நீர் தருவது அம்மலையே என்பதை நான் விரிக்கவேண்டுவதில்லை. 1906-ல் கட்டி முடிந்த அவ்வணையிலிருந்து தோவாளைச் சானல் வழியே வரும் நீர், மேற்கே பெய்யும் மழையின் பயனை ஆரல்வாய்மொழிப் பக்கத்து வறண்ட பூமிக்குக் கொண்டுசேர்க்கிறது. மலையில் குறைந்தால் முதலில் வாடுவது கடைவரம்புக் காரரே.

ஆதலால் சித்திரை, வைகாசியில் வானிலை இலாகாவார் எல் நினோ வருமென்று அறிவித்தால், கடைவரம்பில் கன்னிப்பூவுக்கு நீண்ட வயதுள்ள நெல்லை நம்பாமல், 110 முதல் 115 நாளில் விளையும் அம்பை 16 போன்றதை விதைப்பது உசிதம். அணைநீர் ஜூன் தொடக்கத்தில் வருமென்று எண்ணி நாற்றங்காலை முந்திப் போட்டுவிட்டு நாற்றை முற்றவிடலாகாது. அதே வருஷத்தில் புரட்டாசிக்குள் குளங்களின் மறுகால்களையும் வடிகால்களையும் செம்மைப்படுத்திக்கொள்ளவேண்டும். ஏனெனில் கும்பப்பூ நடவு நீரில் அமிழும் அபாயம் அப்போதுதான் அதிகம். பசிபிக் குளிர்ந்த வருஷமாயின் முறை மாறும். ஆடி, ஆவணியில் சானலில் நீர் பெருகி ஓடுவதைக் கண்டு மடைகளைத் திறந்தே விட்டுவிடாமல், குளங்களை நிரப்பிப் பின்னுள்ள பூவுக்கு வைத்துக்கொள்ளவேண்டும். பிச்சியும் அரளியும் வளர்க்கும் கிணற்றுத் தோட்டக்காரர்களுக்கும் குளம் நிறைந்திருந்தால்தான் ஊற்று.

இவையாவும் ஜில்லாவுக்குரிய பொதுப் பேச்சு. ஒவ்வொரு ஏலாவுக்கும் தனிக்கணக்கு வேண்டுமானால், நேரான பக்கங்களுள்ள ஒரு பாத்திரத்தை மரநிழல் படாத வெளியில் வைத்து, தினம் காலை எட்டரை மணிக்கு உள்ளே நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் பார்த்து நோட்டில் குறித்துவரலாம். ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் நாற்பதாயிரம் லிட்டர் நீர். கோடையில் ஆரல்வாய்மொழிக் காற்று பாத்திரத்தைக் கவிழ்த்துவிடும்; ஆகையால் அதனைப் பாதி மண்ணில் புதைத்து, விளிம்பு தரைக்கு ஒரு சாண் உயர்ந்திருக்கும்படி வைக்கவும்.